மஞ்சள் துணியில் முடிந்த கிணறு

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே ஐயம். அன்றும் எனக்கு இதே ஐயம்தான் இருந்தது.

அறுபதாம் ஆண்டாகவோ அறுபத்தொன்றாகவோ இருக்கலாம். நெடுந்தீவில் எங்கள் வளவுக்குக் கிணறு இல்லை. பாறையை உடைத்தால் நல்ல தண்ணீர் வரும் என்று கிணறு வெட்டுபவர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்குக் காசு வேண்டும். அண்ணன் ஆழ்வாப்பிள்ளைக்குத் தெற்கே மாத்தறையில் ஒரு கடையில் வேலை. மணியோடர் வந்ததும் அவர் மனைவி சறோஜினி மச்சாள் காசைப் பாயில் வைத்துப் பங்கு போடுவார். அரிசிக்கு, மண்ணெண்ணெய்க்கு, பள்ளிக்கூடத்துக்கு. கடைசிப் பங்கு கிணற்றுக்கு; அது ஒரு தகரப் பேணிக்குள் போகும்.

அவர்களின் மகள் இரஞ்சிதத்துக்குப் பதினொரு வயது. காலையில் தண்ணீருக்குப் போய்த் திரும்பும்போது பள்ளிக்கூடத்தில் முதற்பாடம் முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான பெரிய சோதினை வருவதற்குள் கிணறு வெட்டிவிட வேண்டும் என்பது மச்சாளின் கணக்கு.

கிணற்றுப் பேணி நிறையவில்லை. ஒரு செத்தவீடு வரும், கூரை ஒழுகும், அண்ணன் ஊருக்கு வந்து போவார். மாதக் கடைசியில் பேணிக்குள் யாருடைய கையாவது போகும். பெரும்பாலும் மச்சாளின் கையேதான்.

அம்மா ஒருநாள் சிரித்தார். "என்ர மருமகள் பேணிக்குள்ள கிணறு வெட்டுறா. ஊற்றைத்தான் காணேல்லை."

மச்சாள் சிரிக்கவில்லை. அடுத்த மணியோடர் வந்த அன்று, கிணற்றுப் பங்கை மஞ்சள் துணியில் முடிந்து, சாமியறையில் நாகபூஷணி அம்மன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டார். நான் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். முடியும்போது அவர் உதடு அசைந்தது.

"இனி ஒருத்தரும் தொடமாட்டினம். நானும் தொடமாட்டன்."

யாரும் தொடவில்லை. அரிசி முடிந்து, காய்ந்த பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியற் பிட்டோடு கிடந்த நாட்களிலும் அந்த ஆணியை நாங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாதம் ஒருமுறை, ஏற்கெனவே இருந்த முடிச்சை அவிழ்க்காமல், அதன்மேல் இன்னொரு துணியைச் சுற்றி முடிந்தார். நான்காம் ஆண்டில் அது தேங்காயளவு ஆனது.

வெட்டுகாரருக்குச் சொல்லியனுப்பிய அன்று மச்சாள் ஆணியை நோக்கிக் கையை உயர்த்தினார். அம்மா வாசலில் நின்றார்.

"என்ன செய்யிறீர்?"

"கிணத்துக் காசு, மாமி."

"அம்மாளாச்சிக்கு முடிஞ்ச காசெல்லோ அது?"

"நேர்த்தி வைக்கேல்லை மாமி. காவலுக்கெண்டுதான் வைச்சனான்."

"எனக்கேன் சொல்லுறீர்? அவவுக்குச் சொல்லும்."

மச்சாள் கையை இறக்கினார்.

அந்த அம்மனின் கோவிலிலேயே கேட்டுவர மச்சாள் நயினாதீவுக்குப் புறப்பட்டார்; நானும் கூடப் போனேன். வள்ளத்தில் முடிச்சை மடியில் வைத்திருந்தார். கோவிலில் சோமாஸ்கந்த ஐயர் எல்லாவற்றையும் கேட்டார்.

"முடியேக்க என்ன சொன்னனீர்? தாறன் எண்டோ, பாத்துக்கொள் எண்டோ?"

"நினைவில்லை ஐயா."

"அப்ப நான் என்னெண்டு சொல்ல?"

மச்சாள் என் பக்கம் திரும்பினார். "நீர் பக்கத்தில நிண்டனீர். உமக்குக் கேட்டதுதானே?"

'அம்மாளாச்சி, கிணறு' என்ற இரண்டு சொற்கள் எனக்குக் கேட்டிருந்தன. அதற்குப் பிறகு வந்த சொல் அன்று கேட்டதா, பின்னாளில் நானாக நினைத்துக்கொண்டதா என்று பிரிக்க முடியவில்லை. வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது.

"சரியாத் தெரியாது, மச்சாள்."

"ஓம்," என்றார் அவர். "தெரியாததைத் தெரியுமெண்டு சொல்லி வெட்டின கிணத்தில என்ர பிள்ளை தண்ணி அள்ள ஏலாது."

முடிச்சு உண்டியல் வாய்க்குள் நுழையவில்லை. அங்கேயே உட்கார்ந்து துணி துணியாக அவிழ்த்தார். நான்கு ஆண்டுக் காசை அன்றுதான் ஒன்றாகப் பார்த்தோம். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டார். ஐயர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது வள்ளத்தில் மச்சாள் சொன்னார்: "வாற மாதம் தபால் கந்தோரில ஒரு சேமிப்புப் புத்தகம் திறப்பம்."

"அங்க என்ன சொல்லிப் போடுறது?"

"அங்க ஒண்டும் சொல்லத் தேவையில்லை. கையெழுத்து வைச்சாப் போதும்."

கிணறு அறுபத்தொன்பதில் வெட்டப்பட்டது. தண்ணீர் நல்லது. அம்மா அதற்கு முந்திய ஆண்டு இறந்துவிட்டார். இரஞ்சிதம் அந்தச் சோதினை எழுதாமலே படிப்பை விட்டிருந்தாள். வேலணையில் கட்டிக்கொடுத்தோம், இரண்டு பிள்ளைகள். எழுபத்தேழு இனக் கலவரத்தில் அண்ணன் வேலை செய்த கடையை எரித்தார்கள். வெறுங்கையோடு வந்தவர் இப்போது தோட்டம் செய்கிறார். மச்சாள் எழுபத்தொன்பதில் காலமானார். நான் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுகிறேன்.