இரண்டாவது வயர்

போன காணிவேல் களியாட்டத்தில் அப்புத்துரையர் என் கிற்றாரின் வாயை அடைத்துவிட்டார். மேடையில் என் விரல்கள் ஓடின. லவுட்ஸ்பீக்கரில் அவர் மகன் தவராசாவின் பாட்டு மட்டும் கேட்டது. "ஊமைக் கிற்றார்!" என்று கீழே விசிலடித்தார்கள். இறங்கிப் போய்க் கேட்டேன்.

"உன்ரை கிற்றாரிலைதான் சத்தமில்லைப் பிள்ளை," என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற மனிசன்! லவுட்ஸ்பீக்கர் பெட்டி அவருடையது. அதில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க என் வயருக்கு ஒரு திருகி, தவராசாவின் மைக்குக்கு ஒரு திருகி. என்னுடையதை அவர் சத்தமே வராமல் பூட்டிவிட்டார். பொம்பிளைப் பிள்ளை கிற்றார் அடித்தால் தன் பெட்டிக்கு மரியாதை இல்லை என்று கிளிநொச்சிச் சந்தையில் சொல்லித் திரிந்தாராம்.

அடுத்த காணிவேல் உருத்திரபுரத்தில் என்றதும் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனேன். பாறூக் நானா அங்கே றேடியோ திருத்துகிறவர்.

"நானா, எனக்கொரு சின்னப் பெட்டி வேணும். கிற்றாரும் தவராசான்ரை மைக்கும் அதுக்குள்ளாலை போகவேணும். அவர் என்ரை வயரைப் பூட்டினால், நான் சுவிச்சைத் தட்ட, கிற்றார் மகன்ரை வயரிலை ஏறவேணும்."

அவர் சிரித்தார். "அப்ப உங்களை அடைக்கிறதெண்டால் மகனையும் அடைக்கோணுமே?"

"அடைக்கட்டும் பாப்பம்!"

சத்தத்தைத் தூக்க அவர் கண்ணாடிக் குழல் வால்வு ஒன்றை எடுத்தார். அதை எரிக்க ஒரு கார் பற்றரி சுமக்க வேண்டும். வேண்டாம் என்றேன். பழுதான றேடியோவில் இருந்து ஒரு ரான்சிஸ்டரைக் கழற்றினார். ரோச் லைற் பற்றரியே அதற்குப் போதும். முதலில் இரண்டு வயரையும் சும்மா முறுக்கிச் சேர்த்தார். கிற்றாரைக் குறைத்தால் மைக்கும் சேர்ந்து செத்தது. பிறகு ஒன்று மற்றதை இழுக்காதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு றெசிஸ்டர் வைத்தார். சத்தம் மெலிந்தது, ரான்சிஸ்டர் அதைத் தூக்கிவிட்டது.

சுவிச்தான் இழுபறி. வீட்டு லைற் சுவிச்சைப் போட்டுப் பார்த்தால் ஸ்பீக்கரில் 'டொக்' என்றது.

"ஐயோ நானா, இது என்னைக் காட்டிக் குடுத்திடும்!"

பழைய றேடியோவில் ஸ்டேசன் வரிசை மாற்றுகிற சுவிச்சைத் தேடி எடுத்தார். தட்டினேன். அது மூச்சுக்கூட விடவில்லை. அதையே வைக்கச் சொன்னேன்.

காணிவேலன்று மேடைக்குப் பின்னால் தவராசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா பூட்டினால் என்ரை பாட்டும் போயிடுமே, நாகேஸ்வரி அக்கா?"

"ஓம். அப்ப நீயும் என்னோடை ஊமையாய் நில்லு."

"சரி, கொண்டாங்கோ," என்று மைக் வயரைத் தானே பெட்டியில் செருகினான்.

முதற்பாட்டிலேயே அப்புத்துரையர் என் திருகியைப் பூட்டினார். சுவிச்சைத் தட்டினேன். கிற்றார் முழங்கியது. அவர் திடுக்கிட்டு என் வயரைப் பிடுங்கியே எறிந்தார். இன்னும் முழங்கியது! கடைசியில் மற்றத் திருகியையும் பூட்டினார். தவராசாவின் வாய் மட்டும் அசைந்தது.

அக்கராயனில் இருந்து வந்த சனமெல்லாம் எழும்பிக் கூச்சல் போட்டது. பெண்கள் பக்கத்தில் அப்புத்துரையரின் மனைவி பத்மாசனி எழும்பினார்.

"இஞ்சாருங்கோ! பெடியன் பாடுறான், சத்தத்தைத் திறவுங்கோ!"

அப்புத்துரையர் வியர்த்துப்போய் என்னையும் என் பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியின் சுவிச்சையும் பார்த்தார். சுவிச்சைத் திருப்பு என்று கையால் காட்டினார், கெஞ்சுவது மாதிரி. நான் தலையை ஆட்டி மாட்டேன் என்றேன்.

அவர் மகனின் திருகியைத் திறந்தார். நான் கிற்றாரின் சத்தத்தை முடிவு வரைக்கும் ஏற்றிவிட்டு அடித்தேன்.