கழுவி வைத்த எஞ்சின்

கணவர் இறந்துபோய் நான்கு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவருடைய காரை விற்றுவிடுவதென்று கொழுந்தன் முடிவு கட்டிவிட்டான். "உங்களுக்கு ஓட்டத் தெரியாது அண்ணி. சும்மா நின்னா டயர் செத்துடும்." மறுக்க அவளுக்குக் காரணம் அகப்படவில்லை. கார் வேண்டும் என்பது மட்டும் இருந்தது. அது காரணத்தில் சேர்த்தி இல்லையாம்.

வாங்குபவர் வருவதற்கு முதல் நாள் எஞ்சினைக் கழுவலாமா என்று கொழுந்தன் மெக்கானிக்கிடம் யோசனை கேட்டான்.

"கழுவலாம் சார். ஒழுகல் தெரியும், எலி கடிச்ச வயர் தெரியும். ஆனா பைப் வெச்சுப் பீச்சாதீங்க. உள்ள பூரா கரன்ட் சமாச்சாரம். பாலித்தீன் சுத்திட்டு ஈரத்துணியால துடைங்க."

'கழுவலாம்' என்றதோடு கொழுந்தனின் காது அடைத்துக்கொண்டது. பாலித்தீன் மட்டும் ஞாபகம் இருந்தது. அதைத் தன் புதுச் செருப்புக்குச் சுற்றிக்கொண்டு, மிச்சத்தை முகப்பு விளக்குகளுக்குக் கட்டினான், அவை மழையையே பார்த்திராதவை போல. பிறகு வேகக் குழாயை எஞ்சின் மேலேயே திறந்துவிட்டான்.

"பாத்தீங்களா அண்ணி, இதுல சோறு போட்டுச் சாப்பிடலாம்!"

"தட்டு இருக்கு தம்பி."

மறுநாள் காலை வந்தவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. பானெட்டைத் திறந்ததும் அவர் முகம் சுருங்கியது.

"என்ன இது, பல்லு தேச்சு விட்ட மாதிரி இருக்கு?"

"சுத்தமா வெச்சிருக்கோம் சார்."

"முப்பது வருஷ சர்வீஸ் தம்பி. துடைச்சு வெச்ச வீட்லதான் ஏதாவது நடந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணுங்க."

கொழுந்தன் சாவியைத் திருகினான். எஞ்சின் இருமியது, உதறியது, நொண்டியது, நின்றுபோனது.

"ஈரம் சார். காஞ்சா சரியாயிடும்."

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. ஆயில் ஒழுகுதா?"

கொழுந்தன் கண்ணைக் காட்டினான். ஒவ்வொரு ஞாயிறும் கணவர் எஞ்சினுக்குள் தலையை விட்டிருக்கும்போது டார்ச் பிடித்தவள் அவள். அந்தக் காரில் அவர் அவளுக்குக் கொடுத்திருந்த ஒரே பதவி அதுதான்.

"மேல்மூடி ஓரத்துல ஒழுகும் சார். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ ஊத்துவார். ரேடியேட்டர் குழாய்ல ஒரு வெடிப்பு, டேப் சுத்தியிருந்தார். அதையும் தம்பி கழுவிட்டார்."

"வாக்குமூலம் போதும்," என்று அதிகாரி வாசலைப் பார்த்து நடந்தார்.

"இப்படிக் கவுத்துட்டீங்களே அண்ணி!"

"கேட்டார், சொன்னேன்."

மதியம் மெக்கானிக் வந்து, பிளக் குழிகளில் தேங்கிய தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்றி, ரேடியேட்டர் குழாயையும் மாற்றினான். எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியது.

"இனி யாருக்கு விக்கப் போறீங்கக்கா?"

"யாருக்கும் இல்ல. ஓட்டக் கத்துக்கப் போறேன்."

கொழுந்தன் சிரித்தான். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. இருக்கை இன்னும் அவருடைய நீளக் கால்களின் அளவிலேயே இருந்தது.

"அடியில ஒரு பிடி இருக்குக்கா. தூக்கிட்டு முன்னால தள்ளுங்க," என்றான் மெக்கானிக்.

தூக்கினாள். இருக்கை ஒரு பல் நகர்ந்தது. இன்னும் எட்டவில்லை. மறுபடி தூக்கினாள்.