வலையில் வந்த முகம்

அவளாக மட்டும் இருந்துவிடக் கூடாது. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வேன்?

கௌஸ் மைதீன் மரைக்காயரின் கடைவாசலில் பச்சையம்மா கருவாட்டுக் கூடையோடு நின்றாள். தன் ஊரான பசியாவரத்தில் தோணி ஏறியதிலிருந்து இதே நினைப்புதான். போன அமாவாசைக்கு முன் அவள் புருஷன் தாமோதரன் ஏரியில் வலை இழுத்தபோது ஒரு வெள்ளைப் பெண்ணுருவம் சிக்கியது. முகமுள்ள உருவம் எது வந்தாலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து அதே இடத்தில் விட்டுவிடுவது அவர்கள் ஊர் வழக்கம். ஏரியைக் காக்கும் கன்னியம்மா அப்படித்தான் மேலே வந்து பார்த்துவிட்டுப் போவாளாம். தாமோதரனோ யாருக்கும் காட்டாமல் அதை மரைக்காயரிடம் கொடுத்து நெல் வாங்கிவந்துவிட்டான்.

"பொம்மடி அது, வெறும் பொம்ம," என்றான். அவளுக்கு அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஊருக்குத் தெரிந்தால், எந்தக் குடும்பம் எங்கே வலை போடுவது என்று பாடு பிரிக்கும்போது அவர்களைச் சேர்க்கமாட்டார்கள். அதுகூடப் பெரிதில்லை. யாருக்கும் தெரியாவிட்டாலும் கன்னியம்மாவுக்குத் தெரியுமே.

"இன்னா பச்சையம்மா, கருவாடா? எங்க சிங்கத்துங்க பசியோடதான் கீது, உள்ள வா," என்றார் மரைக்காயர்.

கடை உள்ளே முற்றமாக விரிந்தது. ஒல்லாந்தர் கப்பல்களில் சீனத்திலிருந்தும் பத்தாவித் துறைமுகத்திலிருந்தும் வந்தவை, ஊர் திரும்பிய துரைமார் விற்றுவிட்டுப் போனவை, எல்லாமே தோட்டத்தில் வைக்கிற சாமான்கள். நீலப் பூ எழுதிய சாடிகள், பீப்பாய் மாதிரி பீங்கான் முக்காலிகள், பல்லைக் காட்டும் கல் சிங்கங்கள், பாசி பிடித்த கல்விளக்கு.

"எங்க ஊட்டுக்காரரு குடுத்தாரே, அத்தப் பாக்கணும்."

"திருப்பிக் கேக்க வந்தியா?"

"பாக்க மட்டுந்தான். சாமியோன்னு பயமா கீது."

"செவுத்தோரம் கீது போய்ப் பாரு. அக்கா தங்கச்சிங்களோட."

சுவரோரம் நான்கு வெள்ளைப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். தாழ்ந்த கண், சின்ன வாய், சாய்த்த குடம், நாலுக்கும் ஒன்றே. ஒருத்தியின் மேல் மட்டும் சிப்பி ஒட்டியிருந்தது. பச்சையம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய், மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

மரைக்காயர் பின்னால் வந்தார். "எல்லாம் ஒரே அச்சு. முதுகுல ஓட்ட கீது பாரு, அதுல குழாய வச்சா கொடத்துலருந்து தண்ணி கொட்டும். போன மழைக்கு முகத்துவாரத்துல படகு கவுந்துச்சே, அப்ப ஒருத்தி முங்கிட்டா. அவளத்தான் உன் புருசன் புடிச்சாந்தான்."

சிப்பி ஒட்டியவளின் முதுகு ஓட்டையில் பச்சையம்மா விரலை விட்டாள். ஏரிச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. வேறொன்றும் இல்லை.

கேட்காமலே ஒரு பீங்கான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அது சில்லென்று இருந்தது. தாமோதரன் சொன்னது நிஜம். இத்தனை நாள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்ததை நினைத்தால் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்கூட இனித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்கு உறைத்தது. தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

"நீ வந்ததும் நல்லதாப் போச்சு," மரைக்காயர் குரலைத் தாழ்த்தினார். "கோட்டையில கீற ஒல்லாந்து தொரை தோட்டத்துக்குச் சாமான் பாக்க வராரு. மத்த மூணையும் மூடிடறேன். இது ஏரியில எழும்பின சாமி, எங்க சனம் கும்புடறதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. நான் சொன்னா யாவாரம்னுவாரு, நீ சொன்னா நல்ல வெல குடுப்பாரு. அந்த நீலச் சாடிய நீயே எடுத்துக்கோ."

"சாமி இல்லன்னு இப்பத்தான சொன்னீங்க."

"உனுக்குச் சொன்னேன். ஏரியில வந்தது நெசம். சாமின்னு நீ பயந்தது நெசம். இதுல பொய் எங்க கீது?"

பச்சையம்மா சாடியைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அவர் சொன்னதிலும் தப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் தாமோதரன் விற்றது ஒரு பொம்மையை. அவள் வாயைத் திறந்து சாமி என்று சொல்லிவிட்டால், இன்றைக்கு விலைபோவது பொம்மையாக இருக்காது, கன்னியம்மாவாக இருக்கும். அவன் செய்யாத காரியத்தை அவள் செய்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

வாசலில் பல்லக்குத் தூக்கிகளின் சத்தம் கேட்டது. மரைக்காயர் துணியை எடுத்துக்கொண்டு சுவரோரம் விரைந்தார்.

"இன்னா, சொல்றியா?"

அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அத்த நான் சொல்லமாட்டேன், மரைக்காயரே," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.