மேய்க்கால் நிலம்

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஏரிக்கரையோரக் குடிசைகளில் இருந்த இருளர் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தர அரசாங்கம் முடிவு செய்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டிய மேய்க்கால் நிலத்தை அளந்து கல்லும் நட்டார்கள். இனி சேற்றில் நடந்து பள்ளிக்குப் போக வேண்டாம் என்று அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருந்த சரசு அன்றைக்கே மகளிடம் சொல்லிவிட்டாள்.

கிராம சபையில் ஊரே எதிர்த்தது. "மாடு மேய எடம் வாணாமா?" என்று கத்தினார் மோகன். அவர் மாடுகளை விற்று டிராக்டர் வாங்கி வருடக்கணக்காகிறது. ஆட்சேபம் உள்ளவர்களைக் கை தூக்கச் சொன்னார் அதிகாரி. சரசு வருடா வருடம் நாற்று நடும் வயலுக்குச் சொந்தக்காரி கீதாவும் கை தூக்கினாள். வீடுகளை, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் பக்கம் மாற்றிவிடலாம் என்று சொல்லி அதிகாரி எழுந்துகொண்டார்.

வெளியே கீதா சரசுவைக் கூப்பிட்டாள். "மனசுல வெச்சுக்காத. ஊரே ஒண்ணா நிக்கும்போது நான் மட்டும் இன்னா பண்றது?"

"கலங்கலாண்ட மழைக்கு இடுப்பளவு தண்ணி நிக்கும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

கீதா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "நாளைக்கு நடவு கீது. உங்க ஆளுங்களக் கூட்டிக்கினு வந்துடு."

வரமாட்டேன் என்று சொல்லச் சரசுவுக்கு நாக்கு துடித்தது. ஆனால் வேறு யார் வயலுக்குப் போவது? நிலம் வைத்திருந்த எல்லாருமே கை தூக்கியவர்கள்தான்.

"வரேம்மா" என்றாள்.

மறுநாள் கீதா வரப்புக்கே டீ கொண்டுவந்து கொடுத்தாள். சரசு அதை வாங்கி, அவள் பார்க்கும்படியே சேற்றில் ஊற்றிவிட்டு, குனிந்து அடுத்த நாற்றுக் கட்டை அவிழ்த்தாள்.