டிரைவருக்குப் பின் சீட்

எனக்குச் சத்தம் ஆகாது. இருபது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவன்; பின்னால் ரகளை நடந்தால் முன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அதனால் மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தபோது, டிரைவர் புத்தியோடுதான் பார்த்தேன். எந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஒழுங்காக வண்டி ஏறுகிறார்கள் என்று பார்த்தேன்.

இந்தப் பெரிய நகரத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகிறது. மனைவியும் மகளும் இன்னும் பழைய வீட்டில்தான். பள்ளி முடிவானால்தான் வருவார்கள். மகளுக்குப் பத்து வயது. வீட்டை விட்டு இறங்கினால் வாயே திறக்க மாட்டாள். அங்கே இருக்கிற ஒரே தோழியையும் விட்டுவிட்டு வரவேண்டும். "பாத்து சேருங்க, இவ யார்கிட்டயும் சட்டுனு ஒட்ட மாட்டா" என்று மனைவி தினமும் போனில் சொன்னாள். என் அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், மூன்று தட்டு. இரண்டு தட்டில் கடை ஸ்டிக்கரைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

எங்கள் பகுதிக்கு இரண்டு அரசுப் பள்ளிகள். மேட்டுப் பள்ளி மதிப்பெண்ணில் நகரத்திலேயே முன்வரிசை. பிள்ளைகள் வரிசையாக ஏறுவார்கள், சத்தமில்லாமல் உட்காருவார்கள். தங்கக் கம்பிகள்! இன்னொன்று பாலத்தடிப் பள்ளி. அது என் ரூட்டில் இல்லை. டிப்போவில் விசாரித்தால், "ஐயோ, அதுங்களா? பஸ்ஸையே கவுத்துரும்" என்று டைம் கீப்பர் தலையில் அடித்துக்கொண்டார். மேட்டுப் பள்ளிக்கே விண்ணப்பம் போட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் எல்லாம் சாக்கு. மேட்டுப் பள்ளி என் ரூட்டில் இருக்கிறது. காலையில் மகள் எனக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டில் உட்காருவாள், உள்கண்ணாடியில் நான் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, சுவரோடு பேசி அலுத்துப்போனவனுக்கு அந்த ஆசைதான் சோறு. மகளிடமும் சொல்லி வைத்திருந்தேன். "அந்த சீட்ல வேற யாரையும் உக்கார விடாதப்பா" என்றாள்.

ஆனால் ஒருத்தி உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாள். மேட்டுப் பள்ளிச் சீருடை, மகள் வயது. தினமும் அதே சீட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வருவாள். சமத்துப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாலையில் தண்ணீர்க் குழாய் வெடித்து, வண்டியைப் பாலத்தடி வழியாகத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள் பாருங்கள், காது கிழிந்தது. கதவை மூடப் போனால் பத்துக் கை வண்டியைத் தட்டுகிறது.

"அங்கிள், போகாதீங்க! சுண்டெலி வர்றா!"

"எலியும் வேணாம், புலியும் வேணாம். டைம் ஆச்சு, உள்ள போங்க!" என்று கத்தினேன்.

யாராவது நகர்ந்தால்தானே! ஒருத்தி படியிலேயே நின்றுகொண்டாள். கடைசியில் ஷூ நாடா அவிழ்ந்து தொங்க, ஒரு பொடிப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். வண்டி முழுக்கக் கைதட்டியது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பல் தெரியச் சிரித்தாள். நாலு நிமிஷம் லேட். டைம் கீப்பரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் மேட்டுப் பள்ளி ஸ்டாப். வரிசை, அமைதி. கதவை மூடி வண்டியை எடுத்து, பெரிய சாலையில் ஏறிய பிறகுதான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். பின் சீட்டுப் பெண் பையோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். நிறுத்த இடமில்லை. வந்ததே எனக்குக் கோபம்! சிக்னலில் திரும்பிக் கேட்டேன்.

"ஒரு புள்ள ஓடி வருதே, பாத்தீங்களா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பாத்தோம் அங்கிள்" என்றாள் ஒருத்தி, ரொம்ப மரியாதையாக. "அவ எங்க கிளாஸ்தான்."

"பேரென்ன?"

பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "தெரியல அங்கிள். அவ யார்கூடவும் பேச மாட்டா."

கண்ணாடியில் அந்தக் காலிச் சீட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதில் என் மகள்தான் உட்கார்ந்திருந்தாள்.

விண்ணப்பத்தை மாற்ற வெள்ளி வரை அவகாசம். வியாழன் எனக்கு வார விடுமுறை. காலையிலேயே போய்ப் பாலத்தடிப் பள்ளி என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். கல்வி அலுவலகக் கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் அங்கேருந்து மேட்டுப் பள்ளிக்கு மாத்திட்டுப் போறாங்க. நீங்க என்ன சார், ரிவர்ஸ்ல போறீங்க?"

சாயங்காலம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ உங்க பஸ்ல வர மாட்டாளா?" என்றாள் மனைவி.

"மாட்டா. அது வேற ரூட்டு." மகள் போனை வாங்கினாள்.

"அப்பா, அந்த சுண்டெலி எந்த கிளாஸ்?"

"தெரியலடா கண்ணு. நீயே கேட்டுக்க."

வெள்ளிக்கிழமை காலை பின் சீட்டுப் பெண் ஏறினாள். பை மடிக்குப் போனது, முகம் ஜன்னலுக்குப் போனது. நான் பிரேக்கைப் போட்டுவிட்டு, கண்ணாடியில் பார்க்காமல், உடம்பையே திருப்பி உட்கார்ந்தேன்.

"உன் பேரென்னம்மா?"

திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். மூன்று மாதமாக என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தவளிடம் நானும் அதைக் கேட்டதில்லை.