மூடியைக் கழற்றிய காலை

மீன்தொட்டிக்குள் வளரவேண்டிய செடியை யாராவது தண்ணீருக்கு வெளியே வளர்ப்பார்களா? கண்டக்டரின் மகன் வளர்த்தான். பிளாஸ்டிக் டப்பாவில் ஈர மண் போட்டு, செடியை நட்டு, தண்ணீர் தெளித்து, காற்றுப் புகாமல் மூடிவிடுவான். உள்ளே இருக்கும் புழுக்கத்தில் அது பாசி பிடிக்காமல் தளதளவென்று வளரும். அப்புறம்தான் தொட்டிக்கு மாற்றுவான். "அடுத்து மீனையும் தண்ணிக்கு வெளிய வளப்பியாடா?" என்று கண்டக்டர் கிண்டலடித்ததெல்லாம் அவன் இருந்தபோது.

நுரையீரல் நோய் அவனைக் கொண்டுபோய்விட்டது. மற்ற டப்பாக்களை நண்பர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜன்னலோரம் ஒன்று மட்டும் மிச்சம். "அது எனக்கு வேணும் மாமா, பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மருமகள் தாய்வீடு போயிருந்தாள். இன்று மாலை எடுத்துப்போக வருகிறாள். கண்ணுக்குள் வைத்துக் காக்கத்தான் நினைத்தார் மனுஷர்.

காலையில் பார்த்தபோது மூடியெல்லாம் நீர் கோத்திருந்தது. இலைகள் அதில் முட்டிக்கொண்டு நின்றன. ஆஸ்பத்திரியில் மகன் காற்றுக்காக வாயைத் திறந்து திறந்து மூடியது நினைவுக்கு வந்தது. ஆயுசு பூராவும் நெரிசல் பஸ்ஸில் "ஜன்னலத் திறங்கப்பா, காத்து வரட்டும்" என்று கத்தியவர் அவர். மூடியைக் கழற்றி, மின்விசிறியையும் போட்டுவிட்டார். பாவம், கொஞ்சம் மூச்சு விடட்டுமே.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதைதான். மதியத்துக்குள் இலைகளெல்லாம் காய்ந்து சுருண்டுவிட்டன. பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினார். ஒன்றும் நிமிரவில்லை.

மருமகள் வந்தவுடன் டப்பாவைத்தான் பார்த்தாள்.

"திறந்தீங்களா மாமா?"

"மூச்சு முட்டுமேன்னுதான்... தப்புப் பண்ணிட்டேம்மா. வேற செடி வாங்கித் தரேன்."

"செடிக்காக இல்ல மாமா." அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூடறதுக்கு முன்னாடி உள்ள வாயால ஊதுவாரே, ஞாபகம் இருக்கா? நாம விடற மூச்சு செடிக்கு நல்லதும்பாரு. கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்போ, வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். கேக்கல. இருமிக்கிட்டே ஊதி மூடினாரு. அதுக்கப்புறம் அத யாருமே திறக்கல."

தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் போய் அதை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். பிறகு மூடியைத் தேடி எடுத்து, டப்பாவை இறுக அழுத்தி மூடினார்.