டக்கென்று நிற்கும் பம்ப்

“அப்பா, நீ ஏன் வண்டிகிட்ட மட்டும் கேக்குற? வந்தவங்ககிட்ட ஏன் கேக்கறதில்ல?” என்று சேவான் சின்ன வயதில் கேட்டாள். “வண்டி பொய் சொல்லாதுடி” என்று மகளை விரட்டிவிட்டார் கரபெத்.

ஃப்ரெஸ்னோ நகரத்தில் அவர் பேர்போன மெக்கானிக். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவர் கண்ணுக்கு அரைவேக்காடுகள். எரிகிற எஞ்சின் விளக்கின் மேல் டேப் ஒட்டுகிறவன், டாங்க் மூடி தொலைந்தால் பழந்துணி அடைத்து வருகிறவன். இவர்களையும்விடக் கேவலம், பெட்ரோல் பம்ப் டக்கென்று நின்ற பிறகும் அழுத்தி ஊற்றுகிறவர்கள். டாங்கில் எழும் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய் ஊறிவிடும், விளக்கு எரியும்.

விளக்கு எரியும் வண்டியோடு வந்த யூலாலியாவும் அந்த ரகம் என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டார். படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டுவது அவள் பிழைப்பு. மாதக் கடைசிக்குள் புகைச் சோதனையில் தேறாவிட்டால் வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது, வேலையும் போய்விடும்.

“பெட்ரோல் போடறப்ப பம்ப் டக்கு டக்குன்னு நிக்குதுண்ணே. நானும் அழுத்தி அழுத்தி…”

“தெரியும் அம்மணி. கடைசிச் சொட்டும் உள்ள போனாத்தானே உங்களுக்கெல்லாம் தூக்கம் வரும். தளும்பத் தளும்ப ரொப்ப அது என்ன குடமா?”

“இல்லண்ணே, டாங்க்ல…”

“வைத்தியம் நான் பாக்கவா, நீங்க பாக்கறீங்களா?”

கரி டப்பாவை மாற்றினார். மூடியை மாற்றினார். குழாய்களில் புகையை ஏற்றி ஓட்டை தேடினார். ஓர் இழைகூட வெளியே கசியவில்லை. விளக்கு மறுபடியும் எரிந்தது.

அடுத்த முறை வண்டியைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. சாவியை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் சூடாக ஒரு டப்பா தமாலே, சோள மாவில் கறி வைத்து அவித்தது. “சாப்பிடாமக் கெடப்பீங்க.”

வாய் நிறைய இருந்ததால் அவரால் திட்ட முடியவில்லை. சில பேருக்குக் கடவுள் வயிற்றின் வழியாகத்தான் காதைத் திறக்கிறார்.

“அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“பாதி டாங்க்கூட நிறையறதில்ல, அதுக்குள்ள பம்ப் நின்னுடுது. சொல்ல விட்டாத்தானே.”

மெல்லுவதை நிறுத்தினார். நிறையாத டாங்கில் பம்ப் நின்றால், உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லை என்று அர்த்தம். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்கிற பாடம். வண்டிக்கு அடியில் படுத்துக் காற்றுக் குழாயைக் கழற்றினார். குழாயின் வாயில் மண் குளவி கூடு கட்டியிருந்தது, செங்கல் மாதிரி.

தன்னைவிடப் பெரிய அரைவேக்காடு ஊரில் இருப்பதாக அவருக்கு அப்போது தோன்றவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்டுப் பழகாத நாக்கு.

“குளவி அடைச்சிருக்கு. திங்கக்கிழமை வாங்க.”

அடைப்பை எடுத்துக் குழாய் வாயில் சல்லடைக் கம்பி கட்டினார். கணினியில் பழைய கோளாற்றை அழித்ததும், வண்டி தன்னைத் தானே சோதித்துவைத்த கணக்கும் சேர்ந்து அழிந்தது. மறுபடி நிறைய ஓட்டினால்தான் வண்டியின் அந்தச் சோதனை முடியும். முடியாத வண்டியைப் புகைச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘ஓட்டி முடிச்சுட்டு வா’ என்பதுதான் எல்லாருக்கும் அவர் சொல்வது. அவளுக்கோ மாதக் கடைசிக்கு அத்தனை நாள் மிச்சமில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கரபெத் அவள் வண்டியை எடுத்தார். பாதாம் தோப்புகளைத் தாண்டி, நெடுஞ்சாலையிலும் தெருக்களிலும் மாறி மாறி, சோதனைகள் முடிந்ததாகக் கருவி காட்டும்வரை ஓட்டினார். திரும்பும் வழியில் பெட்ரோல் ஊற்றினார். டாங்க் நிறைந்த பிறகு ஒரே முறை டக்கென்றது. கையை எடுத்துவிட்டார்.

பூட்டிக் கிடந்த கடைக்குள் வண்டியை விட்டு, தன் நீளக் காலுக்காகப் பின்னால் தள்ளிய சீட்டை மறுபடி அவள் உயரத்துக்கு முன்னே நகர்த்திவைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.